எழுத்தால் சொல் தேடல்: தொல்காப்பியர் முதல் கணினி வரை

ஒரு மொழியிலுள்ள சொற்களை இருவகையாகத் தேடலாம். பொருளை அறிந்து அதற்குரிய சொல்லைத் தேடுவது ஒருவகை. எழுத்தை அறிந்து அவ்வெழுத்தமைந்த சொல்லைத் தேடுவது மற்றொருவகை. சில ஆங்கில எழுத்துக்களைக் கொடுத்து, அவை அமைந்த சொற்களைக் கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டு இக்காலத்தில் உலகெங்கும் பரவியுள்ளது. அதற்குத் துணைசெய்யும் பட்டியல்களும் கணினி நிரல்களும் பல. இதனை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவோர் உளர். ஆயின், நிகண்டு, அகராதி, எதுகைப் பட்டியல் என மக்கள் காலந்தோறும் அமைத்த கருவிகளுட் பல இத்தேடலுக்காகவே எழுந்தவை. அவற்றின் வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். எழுத்தால் சொல்லைத் தேடுமுன், எழுத்தென்பது யாது என்ற வினாவுக்கு விடை கண்டாக வேண்டும். அவ்விடை மாறுந்தோறும் தேடலின் பயனும் மாறுகின்றது.

இதனை விளக்க ஓர் ஊர்ப்பெயரே போதும். மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள வந்தாறுமூலைக்கு வடக்கே கிரான் என்னும் ஊர் உளது. அப்பெயரில் எழுத்துக்கள் எத்தனை? ஏட்டில் எழுதுவோன் கி, ரா, ன் என மூன்றென்பான். உயிரையும் மெய்யையும் பிரித்துக் காணும் இலக்கண மாணவன் க், இ, ர், ஆ, ன் என ஐந்தென்பான். ‘கிரானின் எழுத்துக்களை மாற்றியமைத்தால் வேறு சொல் கிடைக்குமா?’ என்று இருவரையும் வினவினால் விடைகள் வேறுபடும்.

மூன்று எழுத்துக்களை ஆறு வகையாக அடுக்கலாம். அவற்றுள் ரா முதலாகும் இரண்டும், ன் முதலாகும் இரண்டும் தமிழ் மரபில் நில்லா. ரகரமும் னகரமும் மொழிக்கு முதலாகா என்பது தொல்காப்பிய விதி. எஞ்சுவன கிரான், கின்ரா என்னும் இரண்டு. அவற்றுள்ளும் னகர மெய்யின்பின் ரகரம் மயங்கி வாராதாகையால் பின்னது வீழ்கின்றது. ஆக, ஆறனுள் நிலைபெறுவது கிரான் ஒன்றே. ஐந்து ஒலிகளாகக் கொண்டாலோ அடுக்குகள் நூற்றிருபதாகப் பெருகும். அவற்றுள் ‘காரின்’ என்னும் சொல்லும் அகப்படும். கார்காலத்தைக் குறிக்கும் கார் என்பது இன் சாரியை ஏற்ற வடிவம் அது. மூன்றெழுத்துக் கணக்கில் இல்லாத சொல் ஐந்தொலிக் கணக்கில் தோன்றுவது நோக்கற்பாலது.

தமிழில் இத்தகைய தேடலின் மிகப் பழைய சான்று தொல்காப்பியத்திலேயே உண்டு. எழுத்ததிகாரத்து மொழிமரபில், மொழிக்கு ஈறாகும் எழுத்துக்களைக் கூறுமிடத்து, சில எழுத்துக்களை இறுதியாகக் கொண்ட சொற்கள் இத்தனையே என ஆசிரியர் எண்ணிக்கை தருகின்றார். சு என்பதை ஈறாகக் கொண்டவை இரண்டு. பு என்பதை ஈறாகக் கொண்டது ஒன்று. நகர மெய்யீறு இரண்டு. ஞகர மெய்யீறு ஒன்று. வகர மெய்யீறு நான்கு. மகர ஈற்றோடு மயங்காத னகர ஈற்றுத் தொடர்மொழிகள் ஒன்பது. நிலம் என்பது நிலன் எனவும் வருவது போல மாறி வாராதவை இவ்வொன்பதும்.

எண்ணிக்கையைக் கூறிய ஆசிரியர் சொற்களைக் கூறவில்லை. அவற்றைத் தேடியளித்தோர் உரையாசிரியர்கள். உசு, முசு, தபு, பொருந், வெரிந், உரிஞ், அவ், இவ், உவ், தெவ் என்பன அவர்கள் காட்டியவை. ஒன்பதாவன எகின், செகின், விழன், பயின், குயின், அழன், புழன், கடான், வயான் என்பர். எழுத்தைக் கொடுத்து, விடையின் தொகையையும் கொடுத்து, சொற்களை மாணாக்கனே காணுமாறு விடுக்கும் புதிர் போன்றே இச்சூத்திரங்கள் அமைந்துள்ளன. அகராதி இல்லாத காலத்தில் ஒரு மொழியின் சொற்கள் அனைத்தையும் ஈற்றெழுத்தால் நினைவிற் சலித்துப் பார்த்தாலன்றி இவ்வெண்ணிக்கை கூடாது. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் ஓரெழுத்தொருமொழி நாற்பத்திரண்டு என நன்னூலில் வரையறுத்ததும் இவ்வழிப்பட்டதே.

இலக்கணம் ஈற்றை நோக்கியது போல யாப்பு இரண்டாமெழுத்தை நோக்கியது. அடிதோறும் முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாமெழுத்து ஒன்றிவருவது எதுகை. பாடல் புனைவோனுக்கு வேண்டுவது ‘இப்பொருளுடைய சொல்’ என்பது மட்டுமன்று. ‘இவ்வெழுத்தை இரண்டாவதாக உடைய சொல்’ என்பதும் அவன் தேவையே. கேட்போனுக்கும் அது பயன்படும். எதுகை அடுத்த அடியை நினைவிற்குக் கொணரும். மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களைப் பழகுவோர், அண்ணாவியார் சொல்லிக்கொடுக்கும் பாடல்களைக் காதாற் கேட்டு மனத்தில் இருத்திக் களரி ஏறுவதற்கும் இவ்வொலி ஒழுங்கு துணைநிற்கின்றது. எனவே எழுத்துவழித் தேடல் தமிழில் முதற்கண் கண்ணின் தொழிலாக அன்றிச் செவியின் தொழிலாகவும் நினைவின் தொழிலாகவுமே இருந்தது எனலாம்.

நிகண்டுகள் இந்நினைவு மரபில் எழுந்தவை. சேந்தன் என்பானின் ஆதரவில் திவாகரர் இயற்றிய திவாகரம் பன்னிரு தொகுதிகளை உடையது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருளால் அது பெரும்பாலும் பகுக்கப்பட்டது. பொருள் தெரிந்தவனுக்கு அது சொல்லைக் காட்டும். ஆயின், முன்பின் அறியாத சொல்லைச் செய்யுளிற் கண்டவன் எங்ஙனம் தேடுவான்? எந்தத் தொகுதியில் தேடுவதென்று அறிய அவனுக்குப் பொருள் தெரிந்திருக்க வேண்டும். பொருளை அறியவோ தொகுதியைத் தேட வேண்டும். இம்முட்டுப்பாட்டுக்குப் பதினாறாம் நூற்றாண்டில் மண்டலபுருடர் ஒரு வழி கண்டார். அவர்தம் சூடாமணி நிகண்டின் பதினொராம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. அதனை அவர் ககர எதுகை முதலாக எதுகை வரிசையில் அமைத்தார். சொல்லின் இரண்டாமெழுத்தே அதன் இருப்பிடத்தைக் காட்டியது. பாட்டாக மனனம் செய்வோனுக்கு எதுகையே கைவிளக்காயிற்று. திண்ணைப் பள்ளிகளில் மாணவர் இந்நூலை மனனம் செய்தனர். ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டு சென்னைக்குச் சென்று முதற்கண் அச்சிட்ட நூல்களுள் சூடாமணி நிகண்டுரையும் ஒன்றாக இருந்தது, அக்காலக் கல்வியில் அதற்கிருந்த இடத்தைக் காட்டும்.

1594ஆம் ஆண்டு சிதம்பர ரேவணசித்தர் அகராதி நிகண்டை இயற்றினார். சொற்களை முதலெழுத்தின் வரிசையில், அகரம் ஆதியாக அடுக்கிய இந்நூலின் பெயரே பின்னர் இவ்வகை நூல்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. ஆயினும் முதலெழுத்தை மட்டும் கொண்டு அடுக்குவதற்கும், ஒவ்வோர் எழுத்தாகத் தொடர்ந்து ஒப்பிட்டு அடுக்குவதற்கும் வேறுபாடு பெரிது. பின்னதற்கு எழுத்துக்கள் தம்முள் ஐயமின்றி வேறுபட்டுத் தோன்றுதல் வேண்டும். ஓலைச்சுவடியில் இது எளிதன்று. ஓலை கிழியுமென அஞ்சிப் புள்ளியிடாது எழுதுவது வழக்கம். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவில் நின்றன. மெய்யோ உயிர்மெய்யோ, குறிலோ நெடிலோ என்பதைப் படிப்போனே இடம்நோக்கி உணர்ந்துகொள்வான். பொருளை உணர்ந்தபின் எழுத்தை அறிவது செய்யுள் படிப்பதற்குப் போதும். எழுத்தைக் கொண்டு பொருளைத் தேடுவதற்குப் போதாது.

எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வரிவடிவில் வேறுபடுத்திய வீரமாமுனிவரே 1732ஆம் ஆண்டு சதுரகராதியையும் இயற்றினார் என்பது இங்குக் கருதத்தக்கது. அந்நூல் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளை உடையது. பெயரகராதி சொல்லிலிருந்து பொருளுக்குச் செல்வோனுக்கும், பொருளகராதி பொருளிலிருந்து சொல்லுக்குச் செல்வோனுக்கும் உதவும். தொகையகராதி இருசுடர், முக்கனி போன்ற தொகைகளை விரிக்கும். நான்காவதாகிய தொடையகராதி எதுகைத்தொடைக்கு இயையும் சொற்களைத் திரட்டித் தருவது. குறித்த எழுத்தமைந்த சொற்களைத் தேடுவோனுக்கென அமைந்த பகுதி இது. மண்டலபுருடர் பாட்டில் வைத்த எதுகை வரிசையை வீரமாமுனிவர் உரைநடைப் பட்டியலாக்கினார். நினைவிலிருந்த தேடல் ஏட்டுக்கு இறங்கிய இடமென இதனைக் கூறலாம். இந்நூல் 1824ஆம் ஆண்டு சென்னையில் அச்சேறியது.

பிறமொழியாளர் கண்ட வழிகளோடு இதனை ஒப்பிடுதல் பயன்தரும். எட்டாம் நூற்றாண்டில் பஸ்றா நகரில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் என்னும் அறபு இலக்கண ஆசிரியர் ‘கிதாபுல் ஐன்’ என்னும் அகராதியை வகுத்தார். தொண்டையிற் பிறக்கும் எழுத்தில் தொடங்கி இதழிற் பிறக்கும் எழுத்து நோக்கி அவர் வரிசை சென்றது. தொல்காப்பியரின் பிறப்பியலை அறிந்தோர்க்கு இவ்வொழுங்கு அயலாகத் தோன்றாது. அறபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களாலான வேரிலிருந்து கிளைப்பவை. கலீல் மூன்றெழுத்துக்களை எடுத்து, அவை எவ்வாறெல்லாம் முன்பின்னாக நிற்கக்கூடுமோ அவ்வாறு வரும் வேர்கள் ஆறனையும் ஓரிடத்தில் வைத்து ஆராய்ந்தார். வழக்கிலுள்ளவை இவை, வழக்கில் இல்லாதவை இவை எனப் பகுத்தார். ஓர் எழுத்துத் தொகுதியைக் கொடுத்தால் அது தரும் சொற்கள் அனைத்தையும் ஓரிடத்திற் காண்பதென்ற இக்கால முறையின் கரு இதுவே.

ஆங்கிலத்தில் 1604ஆம் ஆண்டு ரொபர்ட் கோட்ரி வெளியிட்ட சிறு அகராதி ஏறத்தாழ 2,500 சொற்களைக் கொண்டது. நெடுங்கணக்கு வரிசையை நன்கு அறிந்துகொள்ளுமாறு அவர் முகவுரையில் வாசகர்க்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. எழுத்து வரிசையால் தேடும் பழக்கம் அந்நாட்டிலும் அன்று புதிதாகவே இருந்தது என்பது இதனாற் பெறப்படும். 1775இல் ஜோன் வோக்கர் சொற்களை இறுதியெழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கி ஓர் அகராதி செய்தார். இயைபுத்தொடை தேடும் கவிஞர் அதனைப் பயன்படுத்தினர். தமிழ்ப்பா எதுகையை விரும்பியமையால் தொடையகராதி இரண்டாமெழுத்தை நோக்கியது. ஆங்கிலப்பா ஈற்றியைபை விரும்பியமையால் வோக்கரின் நூல் கடையெழுத்தை நோக்கியது. கருவி தேவையின் வடிவத்தையே பெறுகின்றது.

மட்டக்களப்பு மண்ணுக்கு ஆங்கிலக் கல்வி வந்தது 1814ஆம் ஆண்டில். அவ்வாண்டு வெசுலியன் சபைக் குருவாகிய வில்லியம் ஓல்ற் இங்கு வந்து பாடசாலை தொடங்கினார். பின்னர் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது அதுவே. ஆங்கிலம் கற்கத் தொடங்கும் தமிழ் மாணவன் எதிர்கொள்ளும் முதல் இடர் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள பிளவாகும். ‘நைஃப்’ என ஒலிக்கும் கத்தியின் பெயரை அகராதியில் ‘என்’ எழுத்தின்கீழ்த் தேடினால் காணான். அது ‘கே’ எழுத்தின்கீழ் உளது. சொல்லின் எழுத்துக்களை முன்னரே அறிந்தவனுக்கன்றி ஆங்கில அகராதி எளிதில் வாயில் திறவாது.

ஆயின், இப்பிளவே ஆங்கிலத்தை எழுத்து விளையாட்டுக்கு ஏற்ற மொழியாக்கியது. ஏ, ஈ, ரி என்னும் மூன்று எழுத்துக்களை எடுத்துக்கொள்வோம். உண் என்னும் பொருள்தரும் ‘ஈற்’, தேநீரைக் குறிக்கும் ‘ரீ’, உண்டமையைக் குறிக்கும் ‘ஏற்’ ஆகிய மூன்றும் இம்மூன்றெழுத்துக்களாலேயே எழுதப்படுவன. ஒலிகள் வேறுபட்டாலும் எழுத்துக்கள் மாறவில்லை. அங்கு எழுத்து, எங்கும் எடுத்துவைக்கத்தக்க காயாக நிற்கின்றது. 1930களில் அல்பிரட் பட்ஸ் என்னும் அமெரிக்கர் செய்தித்தாட் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்துணை முறை வருகின்றதென எண்ணி ஒரு விளையாட்டை அமைத்தார். 1948இல் அது ‘ஸ்கிறாபிள்’ என்னும் பெயர் பெற்றது. அதன் நூறு காய்களுள் பன்னிரண்டு ‘ஈ’ எழுத்துக்குரியவை. ஆட்டக்காரர் கையில் ஏழு காய்கள் இருக்கும். அவை ஏழும் வெவ்வேறாயின் 5,040 வகையாக அடுக்கலாம். அவை அனைத்தையும் சோதிப்பதற்கு மாறாக, ஒவ்வொரு சொல்லின் எழுத்துக்களையும் நெடுங்கணக்கு வரிசையில் நிறுத்தி ஒரு திறவுகோலாக்கினால், ஒரே எழுத்துக்களாலான சொற்களெல்லாம் ஒரே திறவுகோலின்கீழ் வந்து சேரும். மேலே கூறிய மூன்று சொற்களும் ‘ஏ-ஈ-ரி’ என்னும் ஒரே தலைப்பில் அடங்கும். கலீல் கண்ட முறையோடு இதற்குள்ள உறவு வெளிப்படை.

இம்முறையைத் தமிழுக்கு அப்படியே கொணர்ந்தால் நேர்வது என்ன என்பதே இன்று எழும் வினா. 1991ஆம் ஆண்டு வெளிவந்த ஒருங்குறி முறையில் தமிழும் இடம்பெற்றது. இந்திய எழுத்துமுறைகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட அமைப்பைத் தழுவியது அது. அதன்படி கிரான் என்பது மூன்றுமன்று, ஐந்துமன்று, ஆறு. க என்னும் குறியும் இகரக் குறியும், ர என்னும் குறியும் ஆகாரக் காலும், ன என்னும் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. தொல்காப்பியர் மெய்யை முதலாக வைத்து, உயிர் அதனோடு சேர உயிர்மெய் பிறக்குமென்றார். கணினியோ அகரமேறிய உயிர்மெய்யை முதலாக வைத்து, புள்ளியால் அதன் அகரத்தை நீக்கி மெய்யைப் பெறுகின்றது. கூட்டலாக இருந்தது கழித்தலாயிற்று.

இதன் விளைவை ஒரு சோதனையாற் காணலாம். ‘கிரான் என்னும் சொல்லின் எழுத்துக்களுக்குள் கரன் என்னும் சொல் அடங்குமா?’ என்று கேட்போம். கரன் என்பதிலுள்ள க, ர, ன, புள்ளி என்னும் நான்கு குறிகளும் கிரானில் உள்ளன. ஆதலின் குறிகளை மட்டும் எண்ணும் நிரல் ‘அடங்கும்’ என்று விடைதரும். இலக்கணப்படி கரன் என்பது க், அ, ர், அ, ன் ஆகும். கிரானில் அகரம் ஒன்றேனும் இல்லை. ஆதலின் ‘அடங்காது’ என்பதே விடை. எழுத்துருவப்படியும் கி என்பது க அன்று. ரா என்பது ர அன்று. ஆதலின் அவ்வழியும் ‘அடங்காது’. செவியும் கண்ணும் மறுக்கும் ஒன்றைப் பொறி ஒப்புக்கொள்கின்றது. பொறியின் பிழையன்று இது. எழுத்தென்பது யாதென அதற்குச் சொல்லிக்கொடுத்தோர், தேடுவோனின் எழுத்தை நோக்காது சேமிப்பின் எழுத்தை நோக்கியமையால் வந்த வினை. நிரலை எழுதுவோர் முதற்கண் உயிரையும் மெய்யையும் பிரித்தோ, உயிர்மெய்யை ஒன்றாகக் கொண்டோ எண்ணும்படி செய்துவிட்டால் இவ்விடர் நீங்கும். அதனைச் செய்ய அவர்க்குக் கணிதத்தோடு எழுத்ததிகாரமும் தெரிந்திருக்க வேண்டும்.

தேடலின் ஒழுங்கு செம்மையுற்றாலும் மற்றொரு வினா எஞ்சுகின்றது. தேடப்படும் களஞ்சியத்தில் சொல் இருக்கின்றதா என்பதே அது. 1842இல் யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் அகராதி வெளிவந்தது. 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட உவின்சிலோவின் தமிழ்-ஆங்கில அகராதி 1862இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்து மிசனரிமாரும் தமிழறிஞரும் தொகுத்தவை அதற்கு அடிப்படையாயின. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து ஓரிலக்கத்துக்கு மேற்பட்ட சொற்களைத் தந்தது. அவ்வாண்டிலேயே, 1936இல், சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் மட்டக்களப்பு நாட்டுக் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர். ஆங்கிலக் கலைச்சொற்களுக்கு நேரான தமிழ்ச் சொற்களைத் தேடிய அம்முயற்சி 1938இல் நூலுருப் பெற்றது.

மட்டக்களப்பு வழக்குச் சொற்களைத் தொகுக்கும் பணியும் நடந்ததுண்டு. வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இவ்வகையிற் போற்றத்தக்கது. எனினும் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வயலிலும் வாவியிலும் வழங்கும் சொற்கள் இன்னும் வாய்மொழியாகவே பெரிதும் வாழ்கின்றன. வயலுடையாரைப் போடியார் என்பதும், ‘மீண்டும்’, ‘பின்னர்’ என்னும் பொருளில் மறுகா என்பதும் இங்கு நாள்தோறும் கேட்பவை. கோயில் நிருவாகியைக் குறிக்கும் வண்ணக்கர் என்னும் சொல்லையும் எண்ணுக. நாணயம் நோட்டமிடுவோனைக் குறித்த வண்ணக்கன் என்னும் சொல், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் எனச் சங்கப் புலவர் பெயரிலேயே உளது. எழுத்துவழித் தேடுவோன் வ, ண், ண என்னும் வரிசையில் அப்பழஞ்சொல்லை எளிதிற் காண்பான். அது வாவிக்கரையில் கோயிற் பதவிப் பெயராக வாழ்வதை அறிய அவன் கோயில் வீதிக்குத்தான் வரவேண்டும்.

தொல்காப்பியரின் உரையாசிரியர்கள் ஒன்பது சொற்களைத் தேடிக் காட்டியிராவிடின், ‘ஒன்பது’ என்ற எண் மட்டுமே இன்று எஞ்சியிருக்கும். எண்ணை வைத்து எந்தப் பொறியும் எகினையும் வயானையும் மீட்டுத் தராது. எத்துணை விரைவான நிரலும் தொகுக்கப்பட்ட சொல்லையே அடுக்கும். தொகுக்கப்படாத சொல்லை அதற்குத் தெரியாது. ஆகவே தமிழ் கற்கும் இளந்தலைமுறைக்கு இருபணிகள் உள. எழுத்தின் இலக்கணத்தைப் பொறிக்குக் கற்பிப்பது ஒன்று. கிரான் போன்ற ஊர்களில் முதியோர் நாவில் வாழும் சொற்களை அவர்கள் உள்ளபோதே ஏட்டிற் சேர்ப்பது மற்றொன்று. முன்னதைச் சிறிது தாழ்த்தினும் பின்வருவோர் செய்துகொள்வர். பின்னதைத் தாழ்த்தினால் அவர்களால் இயலாது.